கார்பனைக் காப்பாற்றிய ஏழரை

சுங்கை சிப்புட்டில் படிவம் 5 படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "நம் கண்ணுக்கு எட்டக்கூடிய பிரபஞ்சமே 9,300 கோடி ஒளியாண்டு அகலம். உயிர்களுக்காகப் படைத்தது என்றால் இவ்வளவு இடம் எதற்கு, சார்?"

இவ்வளவு இடம் எதற்கு என்பதற்கு விடை சுருக்கமானதுதான். உயிருக்குக் கார்பன் வேண்டும், கார்பன் உண்டாக விண்மீன்கள் பிறந்து மடிய வேண்டும், அதற்குப் பல நூறு கோடி ஆண்டுகள் ஆகும். அதுவரை பிரபஞ்சம் விரிந்துகொண்டேதான் இருக்கும். 1961-இலேயே அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் டிக்கி இந்த வழியில் யோசித்தார்.

எனக்குப் பிடித்தது கார்பன் பிறக்கும் கதை. தோட்டத்தில் பால்மரம் வெட்டும்போது மங்கில் வடிகிறதே, அந்தப் பாலில் உள்ள ரப்பர் 5 கார்பன், 8 ஹைட்ரஜன் கொண்ட துண்டுகள் ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. மரம் அந்தக் கார்பனைக் காற்றிலிருந்து எடுத்தது. சரி, அதற்கு முன்?

பெருவெடிப்பு தந்தது ஹைட்ரஜனும் ஹீலியமும் துளி லித்தியமும்தான். மற்றது விண்மீனின் வயிற்றில் நடந்த வேலை. 10 கோடி டிகிரி சூட்டில் இரண்டு ஹீலியம் அணுக்கருக்கள் சேர்ந்தால் பெரிலியம்-8 வரும். அதன் ஆயுளைக் கேளுங்கள்: ஒரு நொடியை நூறு லட்சம் கோடியால் வகுத்து, வந்ததில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. அதற்குள் மூன்றாவது ஹீலியம் வந்து ஒட்ட வேண்டும்!

இந்தக் கணக்கில் கார்பன் மிகக் குறைவாகத்தான் கிடைக்கும் என்று கண்டார் பிரிட்டிஷ் வானியலாளர் பிரெட் ஹாயில். ஆனால் உலகில் கார்பன் தாராளமாக இருக்கிறதே. அப்படியானால் மூன்று ஹீலியமும் சேரும் ஆற்றலுக்குச் சற்று மேலே, அவை எளிதாக ஒட்டிக்கொள்ள வசதியாக, கார்பன் அணுக்கருவில் ஓர் ஆற்றல் நிலை இருந்தே ஆக வேண்டும் என்று 1953-இல் கலிபோர்னியாவில் அணுக்கரு இயற்பியலாளர் வில்லியம் ஃபௌலரிடம் போய்ச் சொன்னார். ஃபௌலர் முதலில் நம்பவில்லை. அங்கிருந்த இயற்பியலாளர் வார்ட் வேலிங்கின் குழு தேடிப் பார்த்தது. இருந்தது, 7.65 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டில் (அணுக்கரு ஆற்றலை அளக்கும் அலகு இது). நம் ஊரில் ஏழரை என்றாலே எள் விளக்கு தேடுவோம். இங்கே ஏழரைக்குச் சற்று மேல்தான் நம்மைக் காப்பாற்றியது. அந்த நிலையை எட்டினாலும் பெரும்பாலும் மூன்றாக உடைந்துபோகும். 10,000-இல் சுமார் 4 மட்டுமே நிலையான கார்பனாகத் தங்கும். விண்மீனுக்கு அது போதும்.

அப்புறம் இன்னொரு ஹீலியம் சேர்ந்தால் கார்பன் ஆக்சிஜனாகிவிடும். ஆக்சிஜனில் அதற்கு வசதியான நிலை ஒன்று இருக்கிறது, ஆனால் தேவையான ஆற்றலுக்கு ஒரு மயிரிழை கீழே. அதனால்தான் கார்பன் முழுவதும் கரையவில்லை.

நாத்திகரான ஹாயிலே பிற்காலத்தில், யாரோ பேரறிவாளர் இயற்பியலில் கைவைத்திருக்கிறார் என்ற ரீதியில் எழுதினார். எனக்கு அவ்வளவு தூரம் போகத் தோன்றவில்லை. 1989-இல் வானியற்பியலாளர் மாரியோ லிவியோவும் உடனிருந்தவர்களும் கார்பனின் அந்த 7.65 நிலையை 0.06 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் உயர்த்திக் கணக்கிட்டார்கள். கார்பன் அளவு பெரிதாக மாறவில்லை. அணுக்கரு விசையையே அரை விழுக்காடு மாற்றினால் கார்பனோ ஆக்சிஜனோ பெரிதும் குறையும், அது உண்மை. ஆனால் அந்த விசைக்கு வேறு மதிப்பு இருந்திருக்க முடியுமா என்பதே யாருக்கும் தெரியாதபோது, வடிவமைப்பாளரை உள்ளே கொண்டுவருவது அவசரம்.

விண்மீன்களில் நடக்கும் இப்படிப்பட்ட வினைகளை அளக்க, விண்வெளியிலிருந்து பாயும் துகள்களான விண்கதிர்களின் தொல்லை குறைந்த இடம் தேடி இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியிலும் சீனாவின் ஜின்பிங் மலைக்கு அடியிலும் ஆய்வகம் வைத்திருக்கிறார்கள். இதனால் யாருக்கு லாபம் என்று கேட்பவர்கள், சனிப்பெயர்ச்சிப் பரிகாரத்துக்கு ரசீது போடும்போதும் அதே கேள்வியைக் கேட்கலாம்.