பீனி: பின்னல் குல்லாவா, தையல் குல்லாவா?

விளிம்பு இல்லாமல் மண்டையைக் கவ்வி உட்காரும் சிறு குல்லாவுக்கு ஆங்கிலத்தில் பீனி என்று பெயர். 'பீன்' என்றால் அவரை இனத்து விதை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கொச்சையில் அது தலையையும் குறித்தது. பேஸ்பாலில் மட்டையாளரின் தலைக்கு எறியும் பந்து இன்றும் 'பீன்பால்'தான். அந்தப் பீனோடு ஒரு செல்ல ஈறு சேர்ந்து பீனி வந்தது என்பதே பரவலாக ஏற்கப்படும் விளக்கம்.

தலையைக் காயாகவோ பாத்திரமாகவோ பார்ப்பது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய குறும்பு அல்ல. கத்தோலிக்க ஆயர்கள் உச்சந்தலையில் வைக்கும் சிறு குல்லா இத்தாலிய மொழியில் 'சுக்கெத்தோ', அதாவது குட்டிப் பூசணி. நம் 'மண்டை'யும் பழந்தமிழில் கள் வார்க்கும் கலம், பிச்சைப் பாத்திரம் என்ற பொருள்களில் வழங்கிய சொல்.

ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் இருப்பதுதான் பீனியில் சிக்கல். அமெரிக்காவில் முதலில் பீனி எனப்பட்டது முக்கோணத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, உச்சியில் பொத்தான் வைத்த குல்லா. கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்கள் தலையில் கட்டாயமாக ஏற்றப்பட்டது இதுதான். இதன் உச்சியில் சுழலும் விசிறி பொருத்திய விளையாட்டு வடிவமும் உண்டு. 1947இல் அதை உருவாக்கியது தானே என்று அறிவியல் புனைகதை எழுத்தாளர் ரே நெல்சன் சொல்லிவந்தார். இன்று கடைகளில் பீனி என்று தொங்குவதோ நூலில் பின்னிய, இழுத்தால் விரியும் குல்லா. கனடாவில் இதற்கு 'டூக்', அமெரிக்கக் கடற்படையில் 'வாட்ச் கேப்', உச்சியில் நூல் குஞ்சம் இருந்தால் பிரிட்டனில் 'பாபிள் ஹேட்'.

தமிழில் என்ன சொல்லலாம்? 'தொப்பி' மிகவும் அகலம்; விளிம்பு உள்ளதும் இல்லாததும் அதில் அடங்கிவிடும். 'குல்லா' பாரசீக 'குலாஹ்' வழி வந்தாலும் விளிம்பில்லாததைச் சட்டென்று மனத்தில் காட்டுகிறது. ஏமாற்றுவதைக் 'குல்லா போடுவது' என்று சொல்லும் அளவுக்கு நம் பேச்சில் ஊறியும் போயிற்று. தனித்தமிழ்தான் வேண்டும் என்றால் 'தலையுறை' பொருந்தும்: கையுறை, காலுறை போலவே உறுப்பின் வடிவைத் தானும் எடுத்துக்கொள்ளும் உறை. முன்னொட்டாகப் 'பின்னல்', 'தையல்' சேர்த்தால் ஆங்கிலத்தில் இல்லாத தெளிவும் கிடைக்கும். 'கம்பளிக் குல்லா' எல்லா இடத்திலும் சரிவராது. கடைப் பீனிகளில் பல அக்ரிலிக் என்னும் செயற்கை நூல். முகத்தையும் கழுத்தையும் மூடும் குரங்குக் குல்லா வேறு. அது 'பாலக்லாவா', கிரிமியப் போரில் 1854இல் ஒரு சண்டை நடந்த ஊரின் பெயர்.

பின்னல் குல்லாவின் உயிர் அதன் சுருக்கம். தலையைவிடச் சுமார் 4 செ.மீ. சிறிதாகப் பின்னினால்தான் கவ்வும். 56 செ.மீ. தலை, 10 செ.மீ.க்கு 20 கண்ணி (பின்னலின் ஒரு வளையம்) வரும் நடுத்தர நூல், 4.5 மி.மீ. ஊசி என்று கொண்டால் 104 கண்ணி போட வேண்டும். அது 52 செ.மீ.; நான்காலும் எட்டாலும் வகுபடும். ஓரத்துக்கு 4 மி.மீ. ஊசியில் இரண்டு நிட் (நேர்க் கண்ணி), இரண்டு பர்ல் (மறு கண்ணி) என்று மாற்றி மாற்றி, மேடு பள்ளக் கோடுகளாக விரிந்து சுருங்கும் ரிப் பின்னலாம். உச்சியைக் குறுக்க 104ஐ எட்டுப் பகுதியாக, பகுதிக்கு 13 கண்ணியாகப் பிரித்து, ஒரு சுற்றில் பகுதிக்கு ஒன்று குறைக்க வேண்டும். முதல் ஆறு முறை ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, அடுத்த ஆறு முறை தொடர்ந்து. கடைசியில் நிற்கும் 8 கண்ணிகளில் நூலைக் கோத்து இறுக்கினால் முடிந்தது. மொத்த உயரம் சுமார் 21 செ.மீ.; ஓரத்தை மடிக்க வேண்டுமானால் 6 செ.மீ. கூட்டவும். 100 கிராம் நூல் போதும்.

வேகமாகக் குறைத்தால் உச்சி தட்டையாகிச் சுருக்கம் விழும். தாமதித்தால் கூம்பி நிற்கும். முதல் வரிசையை இறுக்கிப் போட்டால் நெற்றியில் தழும்பு பதியும். பருத்தி நூலுக்கு மீளும் குணம் குறைவு, சில நாளில் தொளதொளக்கும். அக்ரிலிக்கில் சூடான இஸ்திரி பட்டால் ரிப் மீளாமல் செத்துவிடும்.

தையல் குல்லாவில் துணி விரியாது; அளவுதான் எல்லாம். 57 செ.மீ. தலைக்கு ஆறு துண்டு என்றால் ஒவ்வொன்றின் அடியும் 9.5 செ.மீ., உயரம் சுற்றளவில் கால்பங்கு, சுமார் 14. தையலுக்குச் சுற்றிலும் 6 மி.மீ. தனி. பலரும் தவறுவது பக்கங்களை நேர்கோடாக வெட்டுவதில். அப்போது வருவது கூம்பு. பாதி உயரத்தில் அகலம் பாதியாக (4.75) இருக்கக் கூடாது, சுமார் 6.7 செ.மீ. இருக்க வேண்டும், அந்த வளைவுதான் துண்டுகளை அரைக்கோளமாக்குகிறது. ஆறு முனைகளும் கூடும் இடத்தில் சிறு துளையோ புடைப்போ தப்பாது. உச்சிப் பொத்தான் அலங்காரத்துக்கு வந்ததுபோல் தெரிந்தாலும் அதை மறைக்கிற வேலையையும் செய்கிறது.

பீனி என்ற பெயர் புதிது, பின்னல் குல்லா பழையது. குல்லா பின்னுவோரின் பிழைப்பைக் காக்க இங்கிலாந்தில் 1571இல் ஒரு சட்டமே வந்தது: ஆறு வயதுக்கு மேற்பட்டோர் ஞாயிறும் திருநாளும் உள்நாட்டில் பின்னி இறுக்கிய கம்பளிக் குல்லா அணிய வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 3 ஷில்லிங் 4 பென்ஸ் அபராதம். பிரபுக்களுக்கும் சீமாட்டிகளுக்கும் விலக்கு உண்டு. 1597இல் சட்டம் நீக்கப்பட்டது.