641 எப்படி மாட்டியது?

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் யார் புதுக் கார் எடுத்தாலும் முதல் கேள்வி, "நம்பர் கூட்டினா எத்தனை?" என்பதுதான். போன வாரம் படிவம் 4 படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் ஒரு தாளை நீட்டினான். அதில் 4294967297. "அங்கிள், இது பகா எண்ணா?" அதாவது 1ஐயும் தன்னையும் தவிர வேறு எதாலும் மீதியின்றி வகுபடாத எண்ணா என்று கேட்டான். கோப்பிக் கடையில் காட்டினானாம். ஒரு பெரியவர் இலக்கங்களைக் கூட்டி 59, அப்புறம் 14, அப்புறம் 5, "நல்ல நம்பர்" என்றாராம்.

முப்பத்திரண்டு 2களைப் பெருக்கி 1 கூட்டினால் வருவது இது. அடுக்கை, அதாவது எத்தனை 2கள் என்பதை, 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போனால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். ஐந்துமே பகா எண்கள். 17ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா என்ற கணித மேதை, இந்த வரிசை முழுக்கவே அப்படித்தான் என்று நம்பினார். அடுத்த எண்ணே காலை வாரியது. அது 641 × 6700417 என்று 1732இல் ஆய்லர் என்ற இன்னொரு கணித மேதை காட்டினார்.

இதை வகுக்கும் பகா எண் எதுவானாலும், அதை 64ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். அந்த வகையில் 193, 257, 449, 577 தாண்டினால் 641. ஐந்தாவது ஆளே குற்றவாளி!

எனக்குப் பிடித்தது இனிமேல்தான். வகுக்காமலே 641ஐப் பிடிக்கலாம். 30 முட்டைத் தட்டில் 29 இருந்தால் "ஒன்று குறைகிறது" என்போம் இல்லையா? அதுபோல 640 என்பது 641க்கு ஒன்று குறைவு, அதாவது 641ஆல் வகுத்தால் மீதி −1. இந்த 640, ஐந்து தடவை 128. 128 என்பது 2⁷. ஆக 5 × 2⁷இன் மீதி −1. இதை நான்கு தடவை எழுதிப் பெருக்கினால் 5⁴ × 2²⁸, மீதி +1.

இப்போது 641ஐ வேறு விதமாக உடையுங்கள்: 625 + 16. அதாவது 5⁴ + 2⁴. அப்படியானால் 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போட்டாலும் மீதி மாறாது. போடுங்கள்: −2⁴ × 2²⁸, அதாவது −2³². அதன் மீதி 1 என்றால் 2³²இன் மீதி −1. ஒன்று கூட்டினால் பூஜ்யம். முடிந்தது! பத்து இலக்க எண்ணை ஒருமுறைகூட வகுக்கவில்லை.

பெரியவரின் கூட்டுத்தொகையும் மீதிதான், 9ஆல் வகுத்த மீதி. அந்த 5க்கு ராசியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. 'இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் ஏன் காசு?' என்பவர்களுக்கு ஒன்று: இணையத் தகவலைப் பூட்டும் ஆர்எஸ்ஏ முறையில் வழக்கமாகப் பயன்படுத்துவது அதே 65537தான்.

பையன் அடுத்ததைக் கேட்டான்: 2⁶⁴ + 1. "274177" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். இன்னும் தாளோடு திண்ணையில்தான் இருக்கிறான்.