மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் ஒரே வைஃபை

கீழே வீட்டுக்காரர், மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம், நடுவில் ஒரே ஃபைபர் இணைப்பு, பில் பாதிப் பாதி. வீடுகளுக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுக்கும் வேலையில் நான் அடிக்கடி பார்க்கும் ஏற்பாடு இது. (சேவை நிறுவனத்தின் விதிகள் இதற்கு இடம் கொடுக்கின்றனவா என்று யாரும் பார்ப்பதில்லை.) வேகத்தோடு சேர்த்து, இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியையும் பங்கு போடுகிறோம் என்பதுதான் பலருக்கும் தெரியாமல் போகிறது.

ஐபிவி4 என்ற முகவரி முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள். கருவிக்கு ஒன்று கொடுத்தால் கட்டுப்படியாகாது. அதனால் ரவுட்டர் வீட்டுக்குள் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் உள் முகவரிகளைக் கொடுத்துவிட்டு, வெளியே போகிற எல்லாவற்றுக்கும் ஒரே முகவரியை ஒட்டி அனுப்புகிறது. திரும்பி வரும் பதில் எந்த லேப்டாப்புக்கு உரியது என்பதை, ஒவ்வொரு தொடர்புக்கும் இடப்படும் போர்ட் எண் என்ற அடையாள எண்ணை வைத்துக் கண்டுகொள்ளும். இதற்கு 'நாட்' என்று பெயர். அந்தக் கணக்கை வீட்டு ரவுட்டர்கள் பொதுவாகச் சேமித்து வைப்பதில்லை. ஆகவே வெளியிலிருந்து தேடி வருபவருக்கு மாடியும் கீழ்வீடும் ஒன்றுதான்.

2008 ஜூலையில் ஆமதாபாத் குண்டுவெடிப்பையொட்டி ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. அதன் ஐபி முகவரி, நவி மும்பையில் வசித்த ஓர் அமெரிக்கரின் வீட்டைக் காட்டியது. அவருடைய வைஃபை பாதுகாப்பில்லாமல் திறந்து கிடந்தது. அனுப்பியவர்கள் வேறு ஆட்கள். விசாரணை முதலில் வந்து நின்றது என்னவோ அவர் வாசலில்தான். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் பிறப்பித்த உத்தரவுப்படி சேவை நிறுவனங்கள் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவு இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதோடு நின்றுவிடும்.

அன்றாடத் தொல்லை இதைவிடச் சின்னது. ஒரு வீட்டில் கூகுளைத் திறந்தாலே டிராஃபிக் லைட் படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி உயிரை வாங்கியது. காரணம் மாடி லேப்டாப். கிராக் செய்த மென்பொருளோடு மால்வேர் என்ற தீங்கு நிரலும் உள்ளே வந்திருந்தது. அதன் போக்குவரத்தும் அதே ஐபியில் போனதால் கூகுள் மொத்த வீட்டையும் சந்தேகப்பட்டது. ஆனால் எடுத்த எடுப்பில் மாடிக்காரரைக் குறை சொல்லிவிடாதீர்கள். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் வான் ஐபி (சேவை நிறுவனம் ரவுட்டருக்குக் கொடுத்த முகவரி) 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், சேவை நிறுவனமே பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குள் அடைத்திருக்கிறது. அப்போது குற்றவாளி முன்பின் தெரியாத யாரோவாகவும் இருக்கலாம்.

"மாடிக்குத் தனி ரவுட்டர் போட்டாச்சே சார்" என்பார்கள். அது பாதிப் பாதுகாப்புதான், அதுவும் மாடிக்காரருக்கு. உங்கள் ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்து அவருடைய ரவுட்டரில் இணையம் உள்ளே வரும் துளையான வான் போர்ட்டில் செருகியிருந்தால், கீழேயிருந்து அவருடைய கருவிகளை எட்ட முடியாது. அவரோ உங்கள் பிரின்டரையும் சிசிடிவி காட்சிகளைப் பதியும் டிவிஆர் பெட்டியையும் தாராளமாக எட்டலாம். டிவிஆரின் பாஸ்வேர்டு கடையில் போட்டுக் கொடுத்ததாகவே இருந்தால் கேட்கவே வேண்டாம்.

சட்டச் சிக்கலே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரே வழி, மாடிக்காரர் தன் பெயரில் தனி இணைப்பு வாங்குவது. அது முடியாவிட்டால், உங்கள் ரவுட்டரிலேயே விருந்தினருக்கென்று தனியாகப் பிரிக்கும் வைஃபையான கெஸ்ட் நெட்வொர்க் இருக்கிறது. அதிலும் வெளியே தெரிவது அதே ஐபிதான். ஆனால் வீட்டுக் கருவிகளையாவது அது மறைத்துவிடும். தனி பாஸ்வேர்டு வையுங்கள், குடிமாறும்போது மாற்றுங்கள். போட்ட பிறகு ஒரு போனை கெஸ்டில் இணைத்து, பிரவுசரில் டிவிஆரின் ஐபியை அடித்துப் பாருங்கள். லாகின் பக்கம் வந்தால், கெஸ்டை வீட்டுக் கருவிகளிலிருந்து பிரிக்கும் ஐசொலேஷன் இன்னும் ஆன் ஆகவில்லை.