தடித்த ஸ்டெபிலைசர் பார்: முன்னாலா, பின்னாலா?

புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு வரும் சாலையில் தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் பக்கம் கொஞ்சம் வேகமாக வளைத்தால் கார் வெளிப்பக்கம் சாயும். உயரமான கார் என்றால் பின் சீட்டில் இருப்பவர்களின் கை தானாக மேலே கைப்பிடியைத் தேடும். கார்ப் பிரியர்கள் இதற்கு உடனே சொல்லும் மருந்து, தடித்த ஸ்டெபிலைசர் பார். நல்ல மருந்துதான். ஆனால் சாய்வைக் குறைப்பது அதன் பாதி வேலை. நான்கு டயர்களில் எந்த இரண்டு முதலில் பிடிப்பை விடும் என்பதையும் அதுதான் பெருமளவு முடிவு செய்கிறது. வாங்கும் பலர் இந்தப் பாதியைப் பார்ப்பதே இல்லை.

காருக்கு அடியில் குனிந்து பாருங்கள். இடது சக்கரத்திலிருந்து வலது சக்கரம் வரை குறுக்கே ஓடும், இரு முனையும் வளைந்த எஃகுக் கம்பி தெரியும், அதுதான் ஸ்டெபிலைசர் பார். நடுப்பகுதியை இரண்டு ரப்பர் புஷ்கள் பிடித்திருக்கும். முனைகள் லிங்க் ராடு என்னும் சிறு இணைப்புத் தண்டு வழியாக, சக்கரத்தைத் தாங்கும் ஸ்ட்ரட்டிலோ லோயர் ஆர்மிலோ சேரும். வேகத்தடையில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும்போது கம்பி புஷ்ஷுக்குள் திரும்பிக் கொடுத்துவிடும், அதற்கு வேலை இல்லை. வளைவில் ஒரு சக்கரம் மேலேயும் மற்றது கீழேயும் போகும்போதுதான் ஈரத் துண்டைப் பிழிவது போல அது முறுகுகிறது. முறுகிய எஃகு பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். அந்த எதிர்ப்புதான் வண்டியை நிமிர்த்துகிறது. கனடாவைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் 1919-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

இப்போது முக்கியமான கணக்குக்கு வருவோம். 1000 கிலோ கார், தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில் எடை மையம், இரு சக்கரங்களுக்கு இடையே 145 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பில் பாதி அளவு பக்கவாட்டு விசையோடு வளைத்தால், உள்பக்கச் சக்கரங்களிலிருந்து சுமார் 190 கிலோ சுமை வெளிப்பக்கத்துக்கு மாறும். எவ்வளவு தடித்த பார் போட்டாலும் இந்த மொத்தம் ஏறக்குறைய மாறாது. அதில் எத்தனை பங்கு முன் அச்சுக்கு, எத்தனை பங்கு பின் அச்சுக்கு என்பதைத்தான் பார் மாற்றும்.

அந்தப் பங்கு ஏன் இவ்வளவு முக்கியம்? டயரின் குணம் அப்படி. சுமை இரட்டிப்பானால் பிடிப்பு இரட்டிப்பாகாது, கொஞ்சம் குறைவாகத்தான் கூடும். ஒரு அச்சில் இரண்டு டயரும் தலா 300 கிலோ சுமந்து தலா 300 கிலோ பிடிப்பு தருகின்றன என்று கொள்வோம். மொத்தம் 600. சுமை 450, 150 என்று பிரிந்தால் கனத்த பக்கம் 405, லேசான பக்கம் 162 என்கிற மாதிரி வரும். கூட்டினால் 567. எண்கள் உதாரணத்துக்கு எடுத்தவை, டயருக்கு டயர் மாறும். ஆனால் எந்த அச்சில் சுமை அதிகம் இடம் மாறுகிறதோ, அந்த அச்சு பிடிப்பை இழக்கும் என்பது மாறாது.

ஆகவே முன்னால் மட்டும் தடித்த பார் போட்டால் கார் சாயாமல் அழகாக நிற்கும். ஆனால் ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்ப மூக்கு வெளியே ஓடும். நம் ஊர்ச் சிறிய கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை வண்டிகள். அவற்றுக்கு இந்தப் பழக்கம் பிறவியிலேயே உண்டு. அதனால் அவற்றில் பின்பக்கத்தைக் கடினமாக்குவதே என் தேர்வு. முன் டயர்களுக்குக் கொஞ்சம் பிடிப்பு மிஞ்சும், மூக்கு வளைவுக்குள் திரும்பும். பல ஹேட்ச்பேக்குகளில் பின்னால் தனியாக பார் இருக்காது. இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்கு பீமே முறுகி அந்த வேலையைச் செய்யும். அதோடு சேர்த்து போல்ட் போடும் பார்கள் உண்டு.

தடிமனில் ஆசைப்படக் கூடாது. கம்பியின் கடினம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். 20 மி.மீ. கம்பியை 22 ஆக்கினால் 46 சதவீதம் கூடும், 24 ஆக்கினால் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். கண்ணுக்குத் தெரியாத 2 மி.மீ.யே பெரிய மாற்றம். உள்ளீடற்ற கம்பியும் கிடைக்கிறது. வெளிவிட்டம் 24, உள்விட்டம் 16 என்றால், அதே தடிமனுள்ள முழுக் கம்பியின் கடினத்தில் 80 சதவீதம் கிடைக்கும், எடையோ 56 சதவீதம்தான். முனையில் இரண்டு மூன்று ஓட்டைகள் உள்ள பார் இன்னும் நல்லது. லிங்க் ராடை உள் ஓட்டைக்கு மாற்றி, பாரின் வளைந்த முனைப்பகுதியான கையின் நீளத்தை 200-லிருந்து 180 மி.மீ. ஆக்கினால் கடினம் சுமார் 23 சதவீதம் ஏறும்.

இதற்கெல்லாம் முன்னால் இருப்பதைச் சோதிக்க வேண்டும். "தம்பி, பாரை மாத்துறதுக்கு முன்னாடி லிங்க் ராடை ஆட்டிப் பாரு" என்று எந்த நல்ல மெக்கானிக்கும் சொல்வார். பள்ளத்தில் டக் டக் என்று சத்தம் வந்தால் லிங்க் ராடையும் புஷ்ஷையும் முதலில் பார்க்க வேண்டும். கடலூர் முதுநகர் போலக் கடலை ஒட்டிய இடங்களில் இன்னொன்றும் உண்டு. புஷ்ஷுக்குள் மணலும் உப்பு ஈரமும் புகுந்து, கம்பியைத் துரு பொட்டுப் பொட்டாக அரிக்கும். முறுகும் கம்பியில் அழுத்தம் உச்சத்தில் இருப்பது மேற்பரப்பில்தான். விரிசல் அந்தத் துருப்பள்ளத்திலிருந்தே கிளம்பும். புஷ் மாற்றும்போது கம்பியின் அந்த இடத்தைத் துடைத்து விரலால் தடவிப் பாருங்கள்.

பொருத்தும்போது ஒரு பக்கம் மட்டும் ஜாக் போட்டால் லிங்க் ராடு ஓட்டையில் உட்காராது, கம்பி முறுகி நிற்கும். இரண்டு சக்கரமும் ஒரே உயரத்தில் இருந்தால் கையாலேயே தள்ளிவிடலாம். அப்புறம் டயர் காற்றைச் சரியாக வைத்து, கடினம் குறைந்த வெளி ஓட்டையில் தொடங்கி, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள்.

கடினமான பாருக்கு விலை உண்டு. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் அந்த அடி மறுபக்கத்துக்கும் போகும், வண்டி தலையை ஆட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அரிபட்ட சாலையில் இது நன்றாகவே தெரியும். ஈரத்தில் இன்னொரு ஆபத்து: பின் பார் ரொம்பக் கடினமாக இருக்கும்போது வளைவின் நடுவில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வரும். அதனால் மழைக்காலம் தொடங்கும் முன் லிங்க் ராடை வெளி ஓட்டைக்கே மாற்றிவிடுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு போல்ட், அரை மணி நேர வேலை.