கரண்ட் வந்ததும் பிரிண்டரை ஆன் செய்யாதீர்கள், முதலில் வரிசையைப் பாருங்கள்

"அண்ணா, பிரிண்டர் தானா ஓடுது. நிறுத்தவே முடியல."

ஐப்பசி மழையில் ஒரு காலை, கோத்தகிரிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்க்கும் தங்கையிடமிருந்து போன். முந்தின நாள் சாயங்காலம் ஒரு அம்மா ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுக்க வந்திருக்கிறார். பேப்பர் சிக்கிக்கொண்டது. வரவில்லையே என்று இந்தப் பெண் திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கிறார். அதற்குள் லைன் மேல் மரம் விழுந்து கரண்ட் போய்விட்டது. மறுநாள் கடை நிறைய ஆள் நிற்கும்போது பிரிண்டரை ஆன் செய்ததும், அந்த ரிப்போர்ட் ஒன்பது முறை வெளியே வந்தது. முதல் தாளை எடுத்துக் கொடுத்தவர் அந்த அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர்.

குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். மலையில் ஓர் ஊரில் ஒருவரைத் தெரியாதவர் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அனுப்பிய கோப்பு நேராகப் பிரிண்டருக்குப் போவதில்லை. லினக்ஸிலும் மேக்கிலும் 'கப்ஸ்' என்ற மென்பொருள் அதை வாங்கி, வட்டில் (ஹார்ட் டிஸ்க்கில்) ஒரு நகல் வைத்து, வரிசையில் நிறுத்துகிறது. கரண்ட் போனாலும் வரிசை கலையாது. கம்ப்யூட்டர் மறுபடி எழுந்ததும் முடியாத வேலைகளை மறுபடி அச்சிடத் தொடங்கும். அச்சாகி முடிந்த பிறகும், நாம் எதையும் மாற்றாவிட்டால், அந்த நகல் ஒரு நாள் அங்கேயே இருக்கும்.

மண் சரிந்து ரோடு அடைபட்ட நாளில் நான் நேரில் போக முடியாது. 'அந்தப் படத்தைக் கிளிக் பண்ணுங்க' என்றால் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் படம் ஒவ்வொரு இடத்தில் இருக்கும். டெர்மினல் என்ற அந்தக் கறுப்புத் திரையில் எழுத்து எழுத்தாகச் சொல்லிவிடலாம். போனில் சொல்வது போலவே இங்கும் எழுதுகிறேன். எல்லாம் சின்ன ஆங்கில எழுத்து. மைனஸ் என்றால் கீபோர்டில் உள்ள சின்னக் கோடு, அடுத்த எழுத்தோடு ஒட்டியே வரவேண்டும்.

அச்சிட 'எல்பி', ஓர் இடைவெளி, கோப்பின் பெயர். எந்தப் பிரிண்டர் என்று சொல்ல 'மைனஸ் டி' (-d), எத்தனை பிரதி என்று சொல்ல 'மைனஸ் என்'. என்டர் தட்டியதும் ஒரு வேலை எண் திரையில் வரும். பேங்க் டோக்கன் மாதிரி அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் வந்துவிட்டால் கோப்பு வரிசையில் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். தாள் வராவிட்டால் மறுபடி அனுப்பாதீர்கள். 'எல்பிஸ்டாட் மைனஸ் ஓ' (lpstat -o) கொடுத்தால் காத்திருக்கும் வேலைகள் தெரியும். 'எல்பிஸ்டாட் மைனஸ் பி' கொடுத்தால் பிரிண்டர் ஓடுகிறதா, நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதா என்று தெரியும். அந்தத் தங்கைக்கு இந்த இரண்டு வரி தெரிந்திருந்தால் ஒன்பது முறை அனுப்பியிருக்க மாட்டார். தெரியாதது அவர் தப்பில்லை, யாரும் சொல்லித்தரவில்லை.

வேண்டாத வேலையை 'கேன்சல்' என்று அடித்து எண்ணைக் கொடுத்து நீக்கலாம். மொத்த வரிசையையும் வட்டிலுள்ள நகல்களோடு துடைக்க 'சூடோ கேன்சல் மைனஸ் ஏ மைனஸ் எக்ஸ்' (sudo cancel -a -x). சூடோ என்பது நிர்வாகி அனுமதியோடு ஓடவைக்கும் சொல். அந்த எக்ஸை விட்டுவிட்டால் வேலை மட்டும் ரத்தாகும், நகல் தங்கிவிடலாம். கரண்ட் வந்ததும் பிரிண்டர் சுவிட்சுக்குக் கை போவதற்கு முன் வரிசையைப் பார்த்து, தேவையில்லாததைத் துடையுங்கள்.

கிளினிக்குகளில் நான் இன்னொன்றும் செய்கிறேன். கப்ஸின் அமைப்புகள் இருக்கும் 'கப்ஸ்டி டாட் கான்ஃப்' கோப்பில் 'பிரிசர்வ் ஜாப் ஃபைல்ஸ்' (இடைவெளியின்றி ஒரே சொல்) என்ற வரியை 'நோ' என்று வைத்து, கப்ஸை மறுபடி தொடங்கிவிடுவேன். அச்சானதும் நகல் போய்விடும். பழைய வேலையை அப்படியே மறுபடி அச்சிட முடியாது என்ற சிரமம் உண்டு. நோயாளியின் காகிதம் என்றால் அந்தச் சிரமத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பேப்பர் சிக்குவதற்கு இங்கே முக்கியக் காரணம் ஈரம். மூடுபனி நாளில் பிரித்த பேப்பர் கட்டை இரவு முழுக்கப் பிரிண்டர் தட்டில் விடாதீர்கள். கவரில் சுற்றி, மூடிய அலமாரியில் வையுங்கள்.

தமிழை வெறும் டெக்ஸ்ட் கோப்பாக எல்பிக்குக் கொடுத்தால் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்தோ, வெறும் கட்டங்களாகவோ வரக்கூடும். பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

காட்டேஜ், ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் இதைக் கவனியுங்கள். பல நெட்வொர்க் பிரிண்டர்கள் 9100 என்ற போர்ட்டில் (நெட்வொர்க்கில் தகவல் நுழையும் எண்ணிட்ட வாசல்) வருவதை யார் என்று கேட்காமல் அச்சிடும். விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் வைஃபையும் அவர்களின் ஆதார் நகலை அச்சிடும் ஆபீஸ் பிரிண்டரும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கக் கூடாது. ரௌட்டரில் கெஸ்ட் நெட்வொர்க்கைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். 2024 செப்டம்பரில் 'கப்ஸ் பிரவுஸ்டு' என்ற துணை நிரலில் பாதுகாப்பு ஓட்டை இருப்பது வெளியானது. 631 போர்ட் வழியாக வெளியாள் ஒரு போலிப் பிரிண்டரைச் சேர்த்துவிட்டு, நாம் அதற்கு ஒரு வேலை அனுப்பும்போது நம் கம்ப்யூட்டரில் தன் கட்டளையை ஓடவைக்க முடியும். அப்டேட் செய்யாத பழைய லினக்ஸ் வைத்திருந்தால் இன்றைக்கே செய்யுங்கள். பிரிண்டர்களைத் தானாகத் தேடும் வசதி தேவைப்படாத இடங்களில் அந்த நிரலையே நிறுத்திவிடுகிறேன்.

விண்டோஸிலும் வரிசை உண்டு. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'நெட் ஸ்டாப் ஸ்பூலர்' கொடுங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ். அங்கே இருக்கும் கோப்புகளை அழித்துவிட்டு 'நெட் ஸ்டார்ட் ஸ்பூலர்' கொடுங்கள். அதன் பிறகு பிரிண்டரை ஆன் செய்யலாம்.