தாய்க்கும் ஒன்றுமில்லை, தகப்பனுக்கும் ஒன்றுமில்லை

அந்தக் காக்கர் ஸ்பானியல் பெட்டைக்கு அப்போது 11 மாதம். சிறுநீரகக் கோளாறு என்று யாரும் அதைக் கூட்டிவரவில்லை. "வீட்டுக்குள்ளேயே ஒண்ணுக்குப் போகிறது டாக்டர், எவ்வளவு பழக்கியும் கேட்கவே மாட்டேன் என்கிறது" என்பதுதான் புகார். ராத்திரியில் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து ஒளித்து வைக்கத் தொடங்கியிருந்தார்கள். அதுவோ குளியலறைத் தரையில் தேங்கிய தண்ணீரை நக்கிக்கொண்டிருந்ததாம்.

மேசைமேல் ஏற்றி எடை பார்த்தேன். கடைசித் தடுப்பூசிக்கு வந்தபோது இருந்ததைவிடக் குறைவு. வளர்கிற வயதில் எடை குறைந்தால் எனக்கு அப்போதே வயிற்றைப் பிசையும். வாயைத் திறந்ததும் அமோனியா வாடை. கன்னத்தின் உள்பக்கம் இரண்டு புண்கள். கீழ்த்தாடையை விரல்களுக்கு நடுவே பிடித்தபோது லேசாக வளைந்து கொடுத்தது. சிறுநீரகம் கெட்டு ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறினால், அதைச் சமாளிக்கப் போய் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவத் தொடங்கிவிடும். குட்டிகளில் அது முதலில் தாடையில்தான் தெரியும். சிறுநீர் குழாய்த் தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் இருந்தது, அடர்த்தி 1.010. அந்த அளவுக்கு நீர்த்த சிறுநீரிலும் புரதம் அள்ளிக்கொண்டு போனது. ரத்தப் பரிசோதனை வருவதற்கு முன்பே என்ன வரும் என்று தெரிந்துவிட்டது.

ஆறு வாரம் தாக்குப்பிடித்தது. அதற்குமேல் அதைக் கஷ்டப்படுத்த வேண்டாம் என்று வீட்டாரே சொன்னார்கள்.

குட்டியைக் கொடுத்த ப்ரீடரிடம் நானே பேசினேன். மோசமான மனிதர் அல்ல. தடுப்பூசி அட்டை, குடற்புழு மருந்துக் கணக்கு எல்லாம் பக்காவாக வைத்திருப்பவர். அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "தாய்க்கும் ஒன்றுமில்லை, தகப்பனுக்கும் ஒன்றுமில்லை டாக்டர். இவர்கள் தீனியில்தான் ஏதோ தப்பு பண்ணியிருக்கிறார்கள்."

அவர் சொன்னதில் முதல் பாதி முழு உண்மை. பெற்றோரிடமிருந்து வரும் இந்தப் பரம்பரைச் சிறுநீரக நோயில் சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் சவ்வுக்குப் பின்னல் போலத் தாங்கி நிற்பது நான்காம் வகைக் கொலாஜன். கருவில் இருக்கும்போது அந்தப் பின்னல் ஒரு வகை இழைகளால் ஆனது. சிறுநீரகம் முதிரும்போது உடம்பு அதைப் பிரித்து, உறுதியான வேறு மூன்று இழைகளைக் கொண்டு பின்னுகிறது. அந்த மூன்றில் ஒன்றுக்கான மரபணுவில் பிழை இருந்தால் புதுப் பின்னல் உருவாகவே உருவாகாது. பழைய, தற்காலிகப் பின்னலை வைத்துக்கொண்டே சிறுநீரகம் வேலை பார்க்கும். கொஞ்ச நாள் பார்க்கும், அப்புறம் கிழியத் தொடங்கும். காக்கர் ஸ்பானியலில் இந்தப் பிழை சிஓஎல்4ஏ4 என்ற மரபணுவில் இருக்கிறது என்று கண்டுபிடித்து 2007-இல் வெளியிட்டார்கள். மனிதர்களில் ஆல்போர்ட் நோய்க்குறி என்று சொல்கிறோமே, அதற்குக் காரணமும் இதே கொலாஜன் குடும்பம்தான்.

அதனால்தான் இரண்டு மாதக் குட்டியைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தாலும் எதுவும் தெரியாது. துள்ளும், கடிக்கும், கொழுகொழுவென்று இருக்கும். அந்த வயதில் நான் எழுதிக் கொடுக்கும் "ஆரோக்கியமாக உள்ளது" என்ற சான்றிதழ் பொய்யும் அல்ல, இந்த நோயைப் பொறுத்தவரை அதற்கு மதிப்பும் இல்லை. சிறுநீரில் புரதம் தென்படவே பெரும்பாலும் 5 முதல் 8 மாதம் ஆகும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறும்போது சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறக்குறைய முக்கால்வாசி போயிருக்கும். பெரும்பாலான குட்டிகள் 6 மாதத்துக்கும் 2 வயதுக்கும் இடையில் செயலிழப்புக்கு வந்துவிடும். குணமாக்கும் மருந்து கிடையாது.

சரி, தாய்க்கும் தகப்பனுக்கும் ஏன் ஒன்றுமில்லை? குட்டிக்கு ஒவ்வொரு மரபணுவிலும் இரண்டு பிரதி: தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. இந்த நோய்க்கு இரண்டுமே கெட்டிருக்க வேண்டும். ஒன்று மட்டும் கெட்டிருந்தால் அந்த நாய் கேரியர். தானும் நோயில் விழாது, முழு ஆயுளும் இருக்கும், போட்டியில் பரிசுகூட வாங்கும். கேரியரோடு கேரியர் சேரும்போதுதான் வினை. ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு, கேரியராக 50 சதவீத வாய்ப்பு, முழுக்கச் சுத்தமாக இருக்க 25 சதவீத வாய்ப்பு.

ஒவ்வொரு குட்டிக்கும் தனித்தனியாக என்பதைக் கவனிக்க வேண்டும். நாலு குட்டி பிறந்தால் ஒன்று கட்டாயம் நோயாளி என்று பொருள் இல்லை. 6 குட்டி போட்ட ஈத்தில் ஒன்றுகூட நோயாளியாக இல்லாமல் தப்பிக்க ஏறத்தாழ 18 சதவீத வாய்ப்பு உண்டு. அப்படித் தப்பித்த ஈத்தைக் காட்டி, "இதே ஜோடிக்கு ஏற்கெனவே ஆறு பிறந்து ஆறும் ஜோராக இருக்கின்றன" என்று சொன்னவரை நான் பார்த்திருக்கிறேன். போதாததற்கு, விற்றுப் போன குட்டி ஒன்றரை வயதில் எங்கேயோ செத்தால் அந்தச் சேதி ப்ரீடருக்கு வந்து சேர்வதும் அபூர்வம். வளர்த்தவர்கள் தங்களையே நொந்துகொள்வார்கள், அல்லது மருத்துவரை.

நம்ம ப்ரீடர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். தகப்பன் வேறொருவருடைய நாய். அதையும் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்திருந்தார்.

மாதிரி எடுப்பது ஊசியில்லாத வேலை. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே பஞ்சுக்குச்சியை வைத்து, அரை நிமிடம் உருட்டித் தேய்க்க வேண்டும். நமக்கு வேண்டியது எச்சில் அல்ல, கன்னத்துத் தோலின் செல்கள். அதனால் கொஞ்சம் அழுத்தித்தான் தேய்க்க வேண்டும். பஞ்சில் கை படக்கூடாது. காற்றில் உலர விட்டு உறையில் போட வேண்டும், ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடித்துவிடும். நாய் அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து எதுவும் தின்றிருக்கக்கூடாது. பால்குடிக் குட்டி என்றால் தாயிடமிருந்து பிரித்து வைத்த பிறகுதான் எடுக்க வேண்டும். பாலோடு தாயின் செல்களும் குட்டி வாயில் இருக்கும், அப்புறம் யாருடைய மரபணுவைப் படித்தோம் என்றே தெரியாது. இரண்டு நாய்களுக்கு ஒரே குச்சியைத் தொட்டுக் கொடுத்துக் குழப்பியவர்களும் உண்டு. நாயின் தோலுக்கடியில் பொருத்திய மைக்ரோசிப்பின் எண்ணைப் படித்து, அதே எண்ணைப் படிவத்தில் என் கையாலேயே எழுதுவது என் வழக்கம். குட்டி வாங்குகிறவர்களும் சோதனை அறிக்கையைக் காட்டினால் முடிவைப் படிப்பதற்கு முன் அதிலுள்ள மைக்ரோசிப் எண்ணைப் பாருங்கள். எதிரில் நிற்கும் நாயின் எண்ணும் அதுவும் ஒன்றுதானா?

முடிவு வந்தது. தாய் கேரியர், தகப்பன் கேரியர்.

அந்த ஈத்தின் மற்றக் குட்டிகளையும் ப்ரீடர் தேடிப் பிடித்தார். அதில் ஒரு கடுவனுக்கும் இரண்டு பிரதியும் கெட்டிருந்தது. நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்த நாய். சிறுநீரைப் பார்த்தால் புரதம் போய்க்கொண்டிருந்தது. உணவை மாற்றி, புரதக் கசிவைக் குறைக்கும் மாத்திரையைத் தொடங்கினோம். சமோயெட் நாய்களின் இதையொத்த நோயில் எனாலாப்ரில் என்ற அந்த வகை மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தபோது ஆயுள் நீண்டது, நோய் போகவில்லை. அந்த அளவு நம்பிக்கைதான் அவர்களுக்கும் கொடுக்க முடிந்தது.

சமோயெட் கதை கொஞ்சம் வேறு. அங்கே பிழை எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. கடுவனுக்கு ஒரு எக்ஸ்தான் என்பதால் ஒரு பிரதி கெட்டாலே போதும், பெரும்பாலும் ஒன்றேகால் வயதைத் தாண்டாது. கேரியர் தாய்க்குச் சிறுநீரில் புரதம் போனாலும் பல வருடம் இருக்கும். கடுவன் குட்டிக்கு அந்த எக்ஸ் தாயிடமிருந்துதான் வரும். அதனால் அங்கே தகப்பனைச் சோதித்து "சுத்தம்" என்று வாங்கி வைத்துக்கொண்டு புண்ணியமில்லை, தாயைப் பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால், மரபணுச் சோதனை ஏன் வேண்டும் என்பதற்கு இன்னும் நல்ல சாட்சி பசென்ஜி இனம்தான். அதில் வரும் ஃபான்கோனி நோய்க்குறி என்ற சிறுநீரக நோய் பெரும்பாலும் 4 வயதுக்குமேல்தான் தலைகாட்டும். ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருக்கும், சிறுநீரில் மட்டும் சர்க்கரை போகும். அந்த வயதுக்குள் நாய் நாலு ஈத்துக்குப் பெற்றோராகி, பேரக்குட்டிகளும் வந்திருக்கும். மாதாமாதம் சிறுநீரில் சர்க்கரைப் பட்டையை நனைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ப்ரீடர்களுக்கு, பிறந்த குட்டியிலேயே விடை சொல்லும் சோதனை எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

புல் டெரியரின் நீர்க்கட்டிச் சிறுநீரக நோய்க்கு ஒரே ஒரு கெட்ட பிரதி போதும். அங்கே கேரியர் என்ற பேச்சே இல்லை, பெற்றோரில் ஒன்றுக்கு நோய் இருக்கும். ஸ்கேனிலேயே தெரியும்.

சோதனைமீது கோபமும் எனக்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சோதனை ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: இந்த மரபணுவில், இந்த இடத்தில், இந்தப் பிழை இருக்கிறதா? இங்கிலீஷ் ஸ்பிரிங்கர் ஸ்பானியலுக்கும் இதே மரபணுவில்தான் கோளாறு, ஆனால் பிழை வேறிடத்தில். காக்கருக்கான சோதனையை ஸ்பிரிங்கருக்குச் செய்தால் "சுத்தம்" என்று வரும். அந்தக் காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம், வேறு பயனில்லை. நூற்றுக்கணக்கான நோய்களை ஒரே அடியில் பார்க்கும் தொகுப்புச் சோதனை வாங்குகிறவர்கள், தங்கள் இனத்துக்கான பிழை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். சாஃப்ட் கோட்டட் வீட்டன் டெரியரில் புரதம் இழக்கும் சிறுநீரக நோய்க்கான சோதனை ஆபத்து அதிகமா குறைவா என்றுதான் சொல்லும். இரண்டு கெட்ட பிரதி இருந்தும் நோய் வராத நாய்கள் உண்டு, அவற்றுக்கு வருடாவருடம் சிறுநீரைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வழி. ஷீ சூ போன்ற இனங்களில் பிறவியிலேயே சிறுநீரகம் சரியாக வளராத கோளாறு இருக்கிறதே, அதற்கு நான் ஒரு மரபணுச் சோதனையையும் நம்பி முடிவெடுப்பதில்லை.

முடிவு வந்த அன்று ப்ரீடர் கேட்டது: "அப்போ இரண்டையும் கருத்தடை பண்ணிவிடலாமா? இந்த வம்சமே வேண்டாம்." ஆத்திரத்தில் பேசினார். நான் வேண்டாம் என்றேன். கேரியர் கெட்ட நாய் அல்ல. சுத்தமான நாயோடு சேர்த்தால் ஒரு குட்டிக்கும் இந்த நோய் வராது. பாதிக்குட்டிகள் கேரியராக இருக்கலாம், அவ்வளவுதான். அந்தக் குட்டிகளைச் சோதித்து, நல்ல குணமும் உடம்பும் உள்ள சுத்தமான குட்டியை அடுத்த தலைமுறைக்கு வைத்துக்கொண்டால் கெட்ட பிரதி மெல்லக் கரைந்துவிடும். கேரியர் அத்தனையையும் ஒரே நாளில் ஒதுக்கிவிட்டு, மிச்சமிருக்கும் இரண்டு மூன்று "சுத்தமான" கடுவன்களிடமே எல்லாப் பெட்டைகளையும் கொண்டுபோனால் என்ன ஆகும்? அந்தக் கடுவனிடம் நமக்குப் பெயர் தெரியாத வேறொரு பிழை ஒளிந்திருந்தால் அது இனம் முழுக்கப் பரவும். டால்மேஷியனில் அப்படி ஒரு பிழை மொத்த இனத்தையும் பிடித்துக்கொண்டது. சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுந்து கல் உண்டாக்கும் கோளாறு. நல்ல பிரதியே இனத்துக்குள் இல்லாமல் போனதால் 1973-இல் ஒரு பாயிண்டர் நாயோடு கலந்து வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதாயிற்று. அந்த வழித்தோன்றல்களை அமெரிக்கன் கென்னல் கிளப் பதிவேட்டில் சேர்த்துக்கொள்ள 2011 வரை ஆனது.

பெட்டை மறுபடி பருவத்துக்கு வருவதற்கு முன்பே அவர் ஆண் நாய் தேட ஆரம்பித்தார். ஒருவரிடம் சோதனை அறிக்கை கேட்டதும், "என் நாயைப் பார்த்தால் நோயாளி மாதிரியா இருக்கிறது?" என்று போனை வைத்துவிட்டாராம். எனக்குச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது. அடுத்தவர் அறிக்கையை உடனே அனுப்பினார், மைக்ரோசிப் எண்ணோடு.

ஐந்து குட்டிகள். கேரியர்கள் இரண்டு, சுத்தமானவை மூன்று. கேரியர் குட்டி இரண்டும் செல்லப்பிராணியாக மட்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார். வாங்க வந்த ஒருவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "ஏன், இதற்கு ஏதாவது வியாதியா?" என்று கேட்டிருக்கிறார். அரை மணி நேரம் உட்கார வைத்து, தாய்க்கும் தகப்பனுக்கும் ஒன்றுமில்லாமலே எப்படிக் குட்டிக்கு வரும் என்று விளக்கியிருக்கிறார் மனிதர். விளக்கப் படம் போட்ட காகிதம் இன்னும் அவர் மேசைமேல் இருக்கிறது.