உடைந்த பின் ஒன்றுபோல் தெரியும் கண்ணாடிகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், வீடுகளிலிருந்து மறுசுழற்சிக்கு வரும் பொருள்களைத் தரம் பிரிக்கும் கூடம் ஒன்றில் பல ஆண்டுகளாக மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஓடும் பட்டையின் இரு மருங்கிலும் நின்று எங்கள் ஆட்கள் கண்ணாடியைக் கையாலேயே பிரிக்கிறார்கள். தேநீர்க் கோப்பையின் வெள்ளைத் துண்டு வந்தால் அது உடனே கண்ணில் பட்டுவிடும், எடுத்து அப்புறப்படுத்திவிடலாம். ஆனால், அடுப்பிலும் ஓவனிலும் வைக்கும் கண்ணாடிச் சட்டியின் மூடி உடைந்து, அதன் துண்டுகள் ஜாம் பாட்டில் துண்டுகளோடு கலந்து வந்துவிட்டால், எங்களில் எவராலும் வெறும் கண்ணால் அவற்றைப் பிரித்தறிய முடியாது. எக்ஸ் கதிரைக் கொண்டு கண்டுபிடிக்கும் இயந்திரங்கள் உண்டு என்றாலும் எங்களிடம் அவை இல்லை. ஆகவே அந்த மூடி முழுதாக இருக்கும் இடத்திலேயே, அதாவது உங்கள் சமையலறையிலேயே, அதைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் என் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது, எதிர்வீட்டு ஆயா ஒரு ஒளிபுகும் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். எல்லாப் பாட்டில்களும் கழுவித் துடைத்தவை. நடுவில் கைப்பிடி உடைந்த ஒரு தடித்த மூடி இருந்தது. "ஆயா, இதை மட்டும் எடுத்துடுங்க" என்றேன். "ஏன் தம்பி, இதுவும் கண்ணாடிதானே?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி, பார்வைக்கு இரண்டும் கண்ணாடிதான்.

பாட்டில் கண்ணாடி மணல், சலவைச் சோடா, சுண்ணாம்புக்கல் ஆகியவற்றை உருக்கிச் செய்யப்படுவது. உலையில் வெப்பம் ஏறத்தாழ 1500 டிகிரி செல்சியஸ். சூட்டைத் தாங்கும் சட்டியின் கண்ணாடியில் போரான் சேர்ந்திருப்பதால் அது வேறு விதமாக உருகும். சில சமையல் பாத்திரங்களின் கண்ணாடி அந்த வெப்பத்திலும் சரியாகக் கரையாமல் கட்டியாக நின்றுவிடும். பீங்கானும் கல்லும் அந்த உலையில் முழுதாக உருகிக் கரைவதில்லை. புதிதாக வார்க்கும் பாட்டிலின் சுவரில் இப்படி ஒரு துணுக்கு சிக்கிக்கொண்டால், அந்த இடம் பலவீனமாகி, வாயு நிரம்பிய பானத்தின் அழுத்தத்தில் பாட்டில் வெடிக்கக்கூடும். அதனால்தான் ஒரு கைப்பிடி பீங்கான் கலந்த சுமையை வாங்குபவர்கள் முழுவதுமாகத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அப்படித் திரும்பி வந்த லாரி ஒன்றை நான் இறக்கியிருக்கிறேன். நூற்றுக்கணக்கான வீடுகளில் கழுவி எடுத்து வைத்த பாட்டில்கள் அனைத்தும் கடைசியில் குப்பைமேட்டுக்குப் போயின.

தீபாவளி, கார்த்திகை முடிந்த வாரங்களில் எங்கள் பட்டையில் மண் அகல்கள் வரும். நம்மவர் தெருக்களிலிருந்து வருபவை என்பதால் எனக்கு மனம் அதிகமாகவே வலிக்கும். எண்ணெய் ஊறிய அந்த அகலைச் சாமி விளக்கு என்று குப்பையோடு போடக் கை கூசி, தூய்மையான பையில் இருக்கட்டும் என்று கண்ணாடியோடு சேர்த்துவிடுகிறார்கள் போலும். வேண்டாம். துடைத்து வைத்து அடுத்த ஆண்டும் ஏற்றுங்கள். விரிசல் விட்டதை நொறுக்கிப் பூந்தொட்டியின் அடியில் போட்டால் தண்ணீர் வடிய உதவும்.

டர்பனை நிர்வகிக்கும் எங்கள் ஈத்தேக்வினி மாநகராட்சியின் ஏற்பாட்டில் கறுப்புப் பை பொதுக்குப்பைக்கு, நீலப் பை தோட்டக் கழிவுக்கு, ஆரஞ்சுப் பை காகிதத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும், ஒளிபுகும் பை கண்ணாடிக்கும் தகர டப்பாக்களுக்கும் உரியவை. அந்த ஒளிபுகும் பையில் உணவும் பானமும் வந்த பாட்டில்களும் ஜாடிகளும் மட்டுமே போக வேண்டும். சன்னல் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி, குடிக்கும் தம்ளர், கண்ணாடி வளையல் எதுவும் சேராது. குழல் விளக்கிலும் சுருள் வடிவ சி.எஃப்.எல். பல்பிலும் பாதரசம் இருப்பதால் அவற்றைக் கறுப்புப் பையிலும் போடக் கூடாது. பெரிய கடைகள் சிலவற்றின் வாசலில் அதற்கென்றே பெட்டி வைத்திருக்கிறார்கள்.

பாட்டில், ஜாடி மூடிகளைக் கழற்றிவிடுங்கள். அலுமினிய மூடி உலைக்குள் போனால், அது மணலிலுள்ள ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொண்டு சிலிக்கான் மணிகளை உண்டாக்கிவிடும். குண்டூசித் தலை அளவுள்ள அந்த மணியும் பாட்டிலை உடைக்கப் போதும். காகித லேபிளை ஊறவைத்துச் சுரண்ட வேண்டியதில்லை, அது எரிந்துவிடும். ஊறுகாய் ஜாடியின் எண்ணெயைப் பழைய செய்தித்தாளால் துடைத்துவிட்டு, பாத்திரம் கழுவி மிஞ்சிய தண்ணீரில் ஒரு முறை அலசினால் போதுமானது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து, மாதக்கணக்கில் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்களிடம் நல்ல தண்ணீரில் ஜாடி கழுவுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

வைப்புத்தொகை உள்ள 750 மில்லி பீர் பாட்டிலையும் திருப்பி வாங்கும் குளிர்பானப் பாட்டிலையும் பையில் போடாமல் கடையிலேயே கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். உருக்காமல் கழுவி மீண்டும் நிரப்புவதே எல்லாவற்றிலும் சிக்கனமானது.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நான் வளர்ந்த கிளேர் எஸ்டேட்டில்தான் 1980-ல் பிசாசர் சாலைக் குப்பைமேடு திறக்கப்பட்டது. அங்கே புதைந்த காய்கறித் தோல் எல்லாம் மக்கிப்போயிருக்கும். புதைந்த பாட்டில்கள் இன்றும் பாட்டில்களாகவே கிடக்கும். அதே பாட்டில் உலைக்குப் போனால், ஒரு டன் உடைகண்ணாடி ஏறத்தாழ 1.2 டன் புதிய மூலப்பொருளின் இடத்தை நிரப்பும். கலவையில் உடைகண்ணாடி 10 விழுக்காடு கூடும்போதெல்லாம் உலையின் எரிசக்தித் தேவை சுமார் 2.5 முதல் 3 விழுக்காடு வரை குறையும். எத்தனை முறை உருக்கினாலும் கண்ணாடியின் தரம் கெடுவதில்லை.

குப்பை எடுக்கும் நாளன்று, லாரி வருவதற்கு முன்பே தள்ளுவண்டியோடு வந்து பைகளைத் திறந்து பார்க்கும் பொறுக்குநர்களை நீங்கள் அறிவீர்கள். நம் ஊரில் மறுசுழற்சிக்குப் போகும் பொருள்களில் பெரும்பகுதி அவர்கள் கையால்தான் மீட்கப்படுகிறது. அந்தக் கைகளில் பெரும்பாலும் உறை இருப்பதில்லை. ஒரு பெண்ணின் உள்ளங்கையில், கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரை ஆறிய வெட்டுத் தழும்பை எங்கள் வாயிலில் பார்த்தேன். கறுப்புப் பைக்குள் கிடந்த தம்ளர் துண்டு கிழித்ததாம். அந்தக் காயத்தால் மூன்று வாரங்கள் அவர் வண்டி தள்ளவில்லை. உடைந்த தம்ளரையும் சட்டி மூடியையும் நாலைந்து செய்தித்தாளில் சுற்றி, ஒரு அட்டைப் பெட்டியில் வைத்து ஒட்டி, கறுப்புப் பையின் மேலாகப் போடுங்கள். பெட்டியின் மேல் கண்ணாடி என்று ஆங்கிலத்தில் எழுதுவதோடு, ஜூலுவில் "இங்கிலாசி" (ingilazi) என்றும் பெரிதாக எழுதிவிடுங்கள்.